நாலு கிலோ இருநூறு கிராம்

அறுவை சிகிச்சை முடிந்து ஆறாம் நாள் சாயங்காலம் சந்திரகலாவுக்கு வயிறு அரித்தது. அரித்த இடத்தில் வயிறு இல்லை.

குசினியில் நின்று, கேத்தலில் தண்ணீர் கொதிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கை பழக்கதோஷத்தில் தானாகப் போனது. தொப்புளுக்குக் கீழே தொடைவரைக்கும் தொங்கிக் கிடந்த தோலின் அடிமடிப்பில், வலது பக்கம், வேர்வை தேங்கித் தேங்கிப் புண்ணாகி ஆறிக் கறுத்துப்போன ஒரு சாண் இடம், இருபத்தாறு வருஷமாக ஏறக்குறைய இந்நேரத்துக்குத்தான் அரிக்கும். விரல்கள் மடங்கிப் பிறாண்டின. நகத்தில் எதுவும் படவில்லை. தொடைக்கு முன்னால் வெறும் காற்றில் அவள் கை மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தது. அந்த இடம் போன வாரமே வெட்டி எடுக்கப்பட்டு, எடை போடப்பட்டு, நாலு கிலோ இருநூறு கிராம் என்று எழுதப்பட்டு அவளைவிட்டுப் போயாயிற்று. ஆனாலும் அரித்தது. கேத்தல் அணைந்து வெகுநேரம் கழித்தும் அரித்தது.

மருத்துவமனைக்குப் போன் செய்தாள். எடுத்த தாதி சிரித்துக்கொண்டே, அது நரம்பு லா அக்கா என்றாள். வெட்டின சேதி நரம்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லையாம், கால் எடுத்தவர்களுக்குக்கூட இல்லாத கால் அரிக்குமாம், மூன்று நான்கு மாதத்தில் சரியாகிவிடுமாம். காய்ச்சல் இருக்கிறதா, குழாயில் வரும் நீர் எவ்வளவு, துணைக்கு ஆள் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டாள். தங்கை இருக்கிறாள் என்றாள் சந்திரகலா.

தங்கை புனிதா மெல்பர்னில் இருந்தாள். அக்காவுக்கு இப்படி ஓர் அறுவை நடந்ததே அவளுக்குத் தெரியாது.

பொய் சொல்வது சந்திரகலாவின் குணமல்ல. துணைக்கு ஆளில்லாதவர்களை மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று மருத்துவமனையில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு நிமிர்ந்து நடக்கக் கூடாது. எதையும் தூக்கக் கூடாது. படுக்கையில் நீட்டிப் படுக்காமல் சாய்வு நாற்காலியில்தான் தூங்க வேண்டும். ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்புவரை ஓடிய தையலை இறுக்கிப் பிடிக்க அகலமான ஒரு துணிப்பட்டை. அதைக் குளிக்கும்போது தவிர கழற்றவே கூடாது. தையலின் இரண்டு முனைகளிலிருந்தும் ரப்பர் குழாய்கள் வெளியே வந்து, முட்டையளவு பிளாஸ்டிக் குமிழ்களில் முடிந்தன. காலையிலும் மாலையிலும் அந்தக் குமிழ்களைத் திறந்து, சேர்ந்திருக்கும் இளஞ்சிவப்பு நீரை அளந்து குறித்துவிட்டுக் கொட்ட வேண்டும். இதற்கெல்லாம் யார் உதவுவார்கள் என்று படிவத்தில் ஒரு கோடு போட்டு இடம் விட்டிருந்தார்கள். நாற்பத்தெட்டு வயதில் அந்தக் கோட்டின்மேல் எழுத அவளுக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை. கடைசியில் புனிதாவின் பெயரை எழுதினாள்.

சந்திரகலாவுக்குப் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை. தெற்குக் கிள்ளானில் ஒரு பழைய தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் அப்பா விட்டுப்போன ஒற்றை மாடி வீடு. ஒரு காலத்தில் நூற்று நாற்பத்து மூன்று கிலோ. கொமுட்டர் ரயிலில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கை கடைசியில்தான் நிறையும். ஆட்கள் நின்றுகொண்டே வருவார்கள், உட்கார மாட்டார்கள். இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை செய்துகொண்டு இரண்டு வருஷத்தில் பாதியாகக் கரைந்தபோது, இனி எல்லாம் மாறிவிடும் என்று மனதார நம்பினாள். ஆபீசில் கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எப்படி அக்கா என்று கேட்டார்கள். அப்புறம் அவரவர் மேசைக்குப் போய்விட்டார்கள். ரயிலில் பக்கத்து இருக்கை அப்போதும் கடைசியில்தான் நிறைந்தது.

கொழுப்பு போன வேகத்துக்குத் தோல் போகவில்லை. இடுப்பைச் சுற்றி அது ஏப்ரன் கட்டினாற்போலத் தொங்கியது. குளித்தால் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துத் துடைத்து, தலைமுடி உலர்த்தும் மிஷினால் காயவைத்து, பவுடர் போட்டு, அடியில் ஒரு பருத்தித் துணியைச் செருகிக்கொண்டுதான் உடுத்த முடியும். ஒருக்களித்துப் படுத்தால் அது அவளுக்கு முன்னால் தனியாகச் சரிந்து, கட்டிலில் இன்னோர் ஆள்போலப் படுத்திருக்கும். குளிர்ச்சியாக, மெத்தென்று இருக்கும். வெட்கத்தோடு சொல்வதானால், பல நாள் அதன்மேல் கை போட்டுக்கொண்டுதான் அவள் தூங்கியிருக்கிறாள். அப்புறம் ஒரு நாள் எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டாள். யாரும் தன்னிடம் வராததற்கு இதுதான் காரணம். இது மட்டும் தொலையட்டும், ஒரே ஓர் ஆளாவது வருவார்கள். அந்த நம்பிக்கையில்தான் கத்திக்குப் படுத்தாள்.

அந்தத் தோல் அவளோடு வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு மலாய்க்காரத் தாதியின் நல்ல மனசு. எடுக்கப்போகும் பகுதியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறீர்களா, கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினாள். அவர்கள் ஆட்கள் உடம்பிலிருந்து எதை வெட்டினாலும் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். வாங்கிப்போய் முறையாகப் புதைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் எல்லோரிடமும் கேட்டாள் போலிருக்கிறது. வேண்டாமென்றால் என்ன செய்வீர்கள் என்று சந்திரகலா கேட்டாள். மஞ்சள் பையில் போட்டு, மற்றக் கழிவோடு எரிக்க அனுப்பிவிடுவோம் என்றாள் தாதி. கழிவு என்ற சொல் சந்திரகலாவுக்குச் சுருக்கென்று தைத்தது. இருபத்தாறு வருஷம் தான் துடைத்துப் பவுடர் போட்ட ஒன்றைக் கழிவென்று விட்டுவிட்டு வர மனசு கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள், மூடி போட்ட வெள்ளை வாளியொன்றைப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். வாளியின் மேல் அவள் பெயரும் அடையாள அட்டை எண்ணும் ஒட்டியிருந்தன. கிராப் வாடகைக் கார் ஓட்டிய தம்பி பெட்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, கேத்தாம் தீவில் வாங்கின மீனா, அக்கா என்று கேட்டான். ஆமாம் என்றாள். அன்றிரவு முழுக்க அது வரவேற்பறையில் இருந்தது. பெட்டிக்குள் பனிக்கட்டி இளகி இளகிச் சரியும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் புல் வெட்டும் ரெங்கசாமியை வரச் சொன்னாள். பந்திங் பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர், அறுபதைத் தாண்டியவர். தாமானில் யார் வீட்டு நாய் செத்தாலும் குழி வெட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். நாய் என்றே சொல்லிவிடலாம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். ஆனால் வாளியின் மேலிருந்த பெயரை அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார்.

"இது என்னதுங்கம்மா?"

"என்னோடதுதாண்ணே. ஆப்பரேஷன்ல எடுத்தது."

ரெங்கசாமி வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். உயிரோடு இருப்பவர்களின் சதையைத் தான் புதைத்ததில்லை என்றார். ஆனால் மனுச சதை என்றால் குப்பைபோலக் குழியில் தள்ளிவிட்டு வரக் கூடாது, பெயர் சொல்லி அனுப்ப வேண்டும் என்றார். வீட்டுக்குப் பின்னால் சந்து, சந்தை ஒட்டிச் சாக்கடை, அதற்கப்பால் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு நிலம். அங்கே வாழைக்குப் பக்கத்தில் முழங்கால் ஆழம் தோண்டினார். செம்மண் ஈரமாக, துருவேறிய இரும்பின் வாசத்தோடு வந்தது. சந்திரகலா தன் பழைய காஃப்டான் ஒன்றை எடுத்து வந்து கொடுத்தாள். நூற்று நாற்பது கிலோ காலத்து உடுப்பு. வாளியிலிருந்ததை அதில் சுற்றிக் குழியில் இறக்கினார். பால் தெளித்தார். சூடம் ஏற்றினார். பெயரைச் சொல்லுங்கம்மா என்றார்.

என்ன பெயரைச் சொல்வது? அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. சந்திரகலா என்றாள்.

மண் தள்ளி முடித்ததும், திரும்பிப் பார்க்காமல் நேராக வீட்டுக்குள் போய்க் கால் கழுவுங்கள் என்றார். அவளும் திரும்பினாள். சாக்கடைப் பலகையில் கால் வைக்கும்போது, வாசலில் யாரை வழியனுப்பினாலும் சொல்கிற வார்த்தை, நாற்பது வருஷப் பழக்கத்தில் தானாக வாயில் வந்துவிட்டது.

"போயிட்டு வா."

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள்கூடப் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். அப்படியிருக்க, குழிக்குள் இறக்கின ஒன்றைப் பார்த்து, பெயரும் சொல்லி, யாராவது திரும்பி வரச் சொல்வார்களா? மேட்டைத் தட்டிக்கொண்டிருந்த ரெங்கசாமியின் மண்வெட்டி அப்படியே நின்றது.

"என்னம்மா சொல்லிட்டீங்க," என்றார் மெதுவாக.

வாய் தவறி வந்துவிட்டது என்று அவள் சிரிக்கப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. குழாயடியில் முழங்கால்வரை கழுவிக்கொண்டு, மூன்றாம் நாள் பால் ஊற்ற வருகிறேன் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். மூன்றாம் நாள் வரவில்லை. போன் செய்தபோது அவருடைய மகள் எடுத்தாள். அப்பாவுக்குக் காய்ச்சல், இனிமேல் அந்த வீட்டுப் பக்கம் வேலைக்கு வரமாட்டார், கூப்பிடாதீங்க ஆன்டி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அரிப்பு தொடங்கியது அன்றைக்குத்தான்.

ஏழாம் நாள் அரிப்பு நின்று குளிர் வந்தது. உடம்பெல்லாம் அல்ல. இல்லாத அந்த இடத்தில் மட்டும், ஈரச் சாக்கைப் போட்டு அழுத்தினாற்போல ஒரு குளிர். விசிறியை நிறுத்திப் பார்த்தாள். போர்வையை மடியில் குவித்துப் பார்த்தாள். தொடைக்கு உறைத்த சூடு அதற்கு உறைக்கவில்லை. நரம்புதான், சேதி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தபோது, எறும்பு ஊரத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, பிறகு வரிசையாக, தொப்புள் இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு. அவளுக்குப் புதுத் தொப்புள் வைத்துத் தைத்திருந்தார்கள். எறும்பு ஊர்ந்தது பழைய தொப்புளில். உள்ளே இறங்கியது.

எட்டாம் நாள் காலையில் குமிழைத் திறந்து நீரை அளவுக் குவளையில் ஊற்றினாள். அடியில் ஏதோ தங்கியது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். விரலில் தொட்டு உரசினாள். நறநறவென்றிருந்தது. முகர்ந்தாள். ஈரச் செம்மண்ணின் அந்தத் துரு வாசம். வெகுநேரம் விரலைக் கழுவினாள். மருத்துவமனையில் கேட்டதற்கு, உறைந்த ரத்தம் அப்படித்தான் இருக்கும், தங்கச்சியிடமும் காட்டி வையுங்கள் என்றார்கள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. கிள்ளானுக்கே உரிய மழை. வானம் இரண்டு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்து, தகரக் கூரைகளின்மேல் கல்லைக் கொட்டுவதுபோல் கொட்டி, சாக்கடைகளை நிரப்பி, சந்தெல்லாம் சேற்றையும் அழுகின வாழைப்பட்டையையும் மணக்கவைக்கிற மழை. அதைக் கேட்டுக்கொண்டே நாற்காலியில் கிடந்த சந்திரகலாவுக்கு, குளிர் சட்டென்று இளகியது. மேலே அழுத்திக்கொண்டிருந்த பாரம் விலகியது. கொழகொழவென்று எதிலோ வழுக்கினாற்போல. அப்புறம் புல். அடி வயிறு முழுக்க, நனைந்த புல்லின் கூர்நுனிகள், ஒரு சாண் உரசி நின்றன. மழை வலுத்தது. இன்னொரு சாண்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியின் கைகளைப் பிடித்தபடி இருந்தாள். மழை விட்டதும் அதுவும் நின்றது.

பத்தாம் நாள் விடிந்ததும் கூன் போட்டபடியே, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்வாசலுக்குப் போனாள். வாழைக்குப் பக்கத்தில் மண் உள்வாங்கிக் குழிந்திருந்தது. குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. தண்ணீரில் காஃப்டானின் ஒரு கை மிதந்தது. ஒரு குச்சியால் இழுத்துப் பார்த்தாள். துணி லேசாக வந்தது, உள்ளே ஒன்றுமில்லாமல். பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி துணி காயப்போட வந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, நாய் லா, இந்த வரிசையில் நாய்த் தொல்லை ரொம்ப மோசம் என்றாள். நாயாகத்தான் இருக்க வேண்டும். நாய்தான் என்று சந்திரகலாவும் தலையாட்டினாள். ஆனால் நாய் தோண்டினால் மண் வெளியே சிதறிக் கிடக்கும். இங்கே குழியின் ஒரு விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்து, வீட்டுப் பக்கமாகச் சரிந்திருந்தது. அதிலிருந்து சாக்கடை விளிம்புவரை புல் ஒரே திசையில் படிந்து கிடந்தது.

வீட்டுக்குள் வந்து பின்கதவைப் பூட்டினாள். வெளியே இருந்த கம்பி போட்ட இரும்புக் கதவையும் பூட்டினாள். பூட்டிவிட்டு, அந்தக் கதவிலேயே நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். பயத்தில் அழுதாள் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. பத்து நாளில் அவளைப் பார்க்கவென்று ஒரு மனுஷர் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆபீசிலிருந்து ஒரு போன் இல்லை. வெட்டி எறிந்துவிட்டு வந்த பிறகும் யாரும் வரவில்லையே என்ற நினைப்பு, பயத்தைவிட அதிகமாக அவளைக் குடைந்தது.

அன்று சாயங்காலம் புனிதா அழைத்தாள். பிள்ளையின் நீச்சல் வகுப்பு வாசலில் காருக்குள் உட்கார்ந்துகொண்டு, கையில் பத்து நிமிஷம் இருக்கிறது என்று சொல்லித்தான் தொடங்கினாள். அக்கா முகம் ஏன் இப்படி வெளிறிப்போயிருக்கிறது என்று கேட்டாள். சொல்லிவிடலாமா என்று சந்திரகலாவின் தொண்டைவரைக்கும் வந்தது. வந்து என்னோடு நாலு நாள் இரு என்று கேட்டுவிட்டால் போதும். கேட்டால் புனிதா வருவாள்கூட; முணுமுணுத்துக்கொண்டே டிக்கெட் போடுவாள். ஆனால் கேட்டு வாங்குகிற வருகையாக இருக்கும். இருபது வருஷமாகக் கேட்காமல் காத்திருந்தவளுக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வரவில்லை.

"தனியாவா இருக்க? கூட யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காங்க," என்றாள் சந்திரகலா.

சொன்ன அந்தக் கணத்தில், இல்லாத வயிற்றில் குளிர் விட்டது. வெதுவெதுப்பாக, சிலிர்த்தாற்போல, ஓர் அசைவு. சந்தோஷப்படுகிறவர்களின் உடம்பு அசையுமே, அதைப்போல. புனிதா வேறென்னவோ பேசிக்கொண்டிருந்தாள். சந்திரகலா போனை மடியில் கவிழ்த்தாள்.

பதினோராம் நாள் மழை சாயங்காலம்தான் வந்தது. ஏழு மணியிருக்கும். மசூதியில் பாங்கு சொல்லி முடிக்கையில் மின்னல் ஒன்று வீட்டு முகப்பை வெளுப்பாக்கிவிட்டுப் போனது, மின்சாரமும் போனது. விசிறி மெதுவாகி, மெதுவாகி நின்றது. இருட்டில் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. கூரையிலிருந்து நீர் தாரை தாரையாக முன்வாசலில் விழும் சத்தம், பின்சந்தில் சாக்கடை நிரம்பிக் களக் களக்கென்று விழுங்கும் சத்தம், எங்கோ ஒரு கார் அலாரம் கத்திவிட்டு ஓய்ந்த சத்தம். சந்திரகலா சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தாள். டார்ச் குசினி அலமாரியில் இருந்தது. எழுந்து போக வேண்டும்.

அப்போதுதான் சிமெண்டு தெரிந்தது. அடிவயிற்றில், சொரசொரவென்று. பின்சந்துச் சிமெண்டு. ஒரு சாண் நகர்ந்தது. நின்றது. மறுபடி ஒரு சாண். அப்புறம் குளிர்ந்த இரும்புக் கம்பி, ஒன்றையடுத்து ஒன்றாக, மேலே ஏறி, இடையில் நுழைந்து, நசுங்கி, பிதுங்கி. அவள் கதவைப் பூட்டியிருந்தாள். இரும்புக் கதவையும் பூட்டியிருந்தாள். மரக்கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி உண்டு. பல்லி வரும் என்று துணி செருகி வைப்பாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து குனிந்து செருக முடியவில்லை.

தேங்காய் நார் மிதியடி. ஒவ்வொரு நாரும் குத்தியது.

பிறகு வழுவழுப்பு. குசினித் தரை ஓடு. ஓடுகளுக்கு நடுவே கோடு, இன்னொரு கோடு. அடுப்புக்கு முன்னால் ஓர் ஓடு மூலை உடைந்திருக்கும். வருஷக்கணக்காக அவள் கால் கட்டைவிரலில் இடித்த மூலை. அது வயிற்றில் இடித்தது. வலித்தது. வலித்த இடத்தைப் பிடித்துக்கொள்ள அவள் கை போயிற்று. அங்கே எதுவும் இல்லை.

நரம்பு. நரம்புதான். சேதி போய்ச் சேரவில்லை.

எழுந்துவிட வேண்டும். நாற்காலியின் நெம்புகோலை இழுத்தாள். கால்பலகை டக்கென்று மடங்கியது. முன்விளிம்புவரை பிட்டத்தை நகர்த்தி நகர்த்தி வந்தாள். தையல் இழுத்தது. இரண்டு கைகளையும் நாற்காலியின் கைகளில் ஊன்றினாள். குழாய்கள் மடியில் தொங்கின. முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவே இப்போது ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. மூச்சைப் பிடித்து ஊன்றினாள். எழ முடியவில்லை. இன்னொரு தடவை. முடியவில்லை.

வரவேற்பறைக் கம்பளம். பூப்போட்ட முரட்டுக் கம்பளம்.

சத்தம் எதுவும் இல்லை. மழை மட்டும். வாசனை வந்தது. செம்மண். அதற்கடியில் பவுடர். அவளுடைய பவுடர்.

கம்பளம் முடிந்தது. நாற்காலியின் பின்கால். மேலே. ரெக்சினின் குளிர். இன்னும் மேலே.

அவளுக்குப் பின்னால் நாற்காலி மெல்ல அமுங்கியது. ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டு அடங்கின. நாலு கிலோவுக்கு அமுங்கும் அமுக்கமல்ல அது. பழைய எடைக்கு, அவளுடைய அந்தப் பழைய முழு எடைக்கு, அந்த நாற்காலி எப்படி அமுங்குமோ அப்படி அமுங்கியது.

சீன ஆன்டி ஒரு சுவருக்கு அப்பால்தான் இருந்தாள். கத்தினால் கேட்கும். வாயைத் திறந்தாள்.

அப்போது இல்லாத அந்த வயிற்றில் சூடாக ஏதோ பட்டது. மெலிந்த ஏதோ. பருத்தித் துணிக்கு அடியில் எலும்பு. இரண்டு தோள்பட்டை எலும்புகள். நடுவில் கோலிபோல வரிசையாக முதுகுத்தண்டின் முடிச்சுகள். நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே ஓர் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டது. பாவம், எவ்வளவு மெலிந்துவிட்டாள், எவ்வளவு பயந்து கிடக்கிறாள் என்று ஓர் இரக்கம் எங்கிருந்தோ பொங்கி வந்தது. அந்த இதயத்தின் அடியும் தன் நெஞ்சில் அடிக்கும் அடியும் ஒன்றாகவே விழுகின்றன என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

அது அவளுடைய முதுகு.

கத்தவில்லை. யார்மீதும் சாய்ந்து எத்தனை வருஷமாயிற்று என்பதுதான் தோன்றியது. ஒரு விரற்கடை பின்னால் போனாள். அங்கே இடமிருந்தது. ஈரமாக, மெத்தென்று, இளஞ்சூடாக. இருபுறமும் இடுப்பை வளைத்துக்கொண்டு அது முன்னால் வந்தது. பட்டையின் விளிம்பைத் தடவியது. தேடியது.

மின்னல் அடித்தது. அறை முழுக்க ஒரு நொடி வெள்ளையாயிற்று. அவளுடைய இரண்டு கைகளும் நாற்காலியின் கைகளின்மேல், முட்டி வெளுக்க இறுகப் பிடித்தபடிதான் இருந்தன. வயிற்றுப் பட்டையின் ஒட்டு, சர்ரென்று, மெதுவாக, ஒரு முனையிலிருந்து பிரிந்துகொண்டிருந்தது.